அவன் கழற்றிக்கொண்டு போனவை

என் கணவராக இருந்தவர் எங்கள் வீட்டைவிட்டுப் போன அன்று கையில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு வந்தார். உடுப்பு, பாஸ்போர்ட், சப்பாத்து எல்லாவற்றையும் அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன், ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்க, இவர் நேராகக் கம்பியூட்டர் மேசைக்குப் போய்க் கீழே குந்திவிட்டார். கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் சீதனம். அதனால் பிரிந்தால் போகவேண்டியவரும் அவர்தான். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினார். அது என் கலியாணக் காப்பில் ஒன்றை விற்று வாங்கியது. பிறகு பவர் சப்ளை. பிறகு இரண்டு மெமரி ரெம்மில் ஒன்று. கடைசியாக டிஸ்க்கையும் இழுத்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அதுக்குள்ளதான் என்ட டியூட் எல்லாம் இரிக்கி. கொப்பி பண்ணித் தந்துட்டுக் கொண்டு போங்க."

"பிறகு தாறன்."

டியூட் என்றால் டியூஷன் வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாடத்தாள்கள். நான்கைந்து டியூஷன் மாஸ்டர்மாருக்கு நான்தான் டைப் பண்ணிக் கொடுப்பேன். இரண்டு வருட வேலை அந்த டிஸ்க்கில் கிடந்தது. கணக்குப் பாடத்தின் ஒவ்வொரு பின்னத்தையும் ஒவ்வொரு வரைபடத்தையும் கண் எரிய எரிய அடித்து வைத்திருந்தேன்.

போகும்போது வெறும் பெட்டியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, "பெட்டி கெடக்கட்டும். உம்மாட கோழி முட்டை போடும்" என்றார். அவருடைய நானா சிரித்தார். மூன்றாம் நாள் போனில் ஒரு செய்தி வந்தது. "டிஸ்க்க ஃபோர்மட் பண்ணிட்டன். ஒண்டும் இல்ல."

அந்தச் செய்தியை வாசித்த இடத்தில்தான் 'அவர்' என்பது 'அவன்' ஆனது. இன்றுவரை மாறவில்லை.

காதியார் முன்னிலையில் தலாக் முடிந்து நான் இத்தா இருக்கத் தொடங்கினேன். மூன்று மாதக் கணக்கு, வீட்டுப் படி தாண்டக்கூடாது. பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து, பொறுமையாக இரு, அழுதால் அழு, ஓதிக்கொள் என்றார்கள். நான் ஓதினேன். மற்ற நேரத்தில் போனை வைத்துக்கொண்டு பவர் சப்ளையைப் பற்றி வாசித்தேன்.

எனக்கு வேலை வேண்டியிருந்தது. மாஸ்டர்மார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வேறு ஆள் தேடிப்போவார்கள். புதுக் கம்பியூட்டருக்கு வழியே இல்லை. அந்தப் பெட்டி ஏதோ அலுவலகம் கழித்துவிட்டதைப் பழசாக வாங்கியது. பத்து வருடத்துக்கு மேல் வயது. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று அதன் ஆணிகளை எல்லாம் துருப்பிடிக்க வைத்திருந்தது. ஆனால் மதர்போர்டும் ப்ரொசஸரும் மிச்சம் இருந்தன, ஒரு ரெம் இருந்தது. அவன் பெரிய பவர் சப்ளை வாங்கிய காலத்தில் கழற்றி எறிந்த பழைய சின்னது அலுமாரிக்கு மேல் இருப்பது நினைவுக்கு வந்தது. ஏறி எடுத்தேன். உள்ளே கரப்பான் குஞ்சு குடும்பம் நடத்தியிருந்தது. ஊதித் துடைத்து, ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வயர்களைக் கொழுவினேன். சுவிட்சைப் போட்டதும் மின்விசிறி சுற்றியது. திரையில், தொடங்குவதற்கு டிஸ்க் இல்லை என்று ஒரேயொரு வரி வெள்ளை எழுத்தில் வந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்து நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். உம்மா ஓடி வந்தா.

"என்ன புள்ள? என்ன வந்த?"

"உசிர் இரிக்கும்மா இதுக்கு."

சாமான் வாங்க நான் போக முடியாது. உம்மா போனா. பாண்டிருப்பில் ஒரு அண்ணன், வீட்டு முன் அறையில் பழைய கம்பியூட்டர் சாமான்கள் வைத்து விற்பவர். அவரோடு போனில் பேசிவிட்டு, உம்மாவின் கையில் துண்டு எழுதிக் கொடுத்தேன். அபாயாவைப் போட்டுக்கொண்டு உம்மா பஸ் ஏறிப் போய், மரக்கறிப் பையில் பச்சைமிளகாய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே ஒரு டிஸ்க்கும் ஒரு ரெம்மும் கொண்டு வந்தா. ரெம் கட்டையாக இருந்தது. லெப்டொப்பில் போடுவது. துண்டில் மீன்தண்ணி பட்டு எழுத்து அழிந்துபோனதாம். அண்ணன் கேட்டதற்கு உம்மா, "சின்னதாப் பாத்துத் தாங்க, புள்ளட மேசை சின்ன மேசை" என்று சொல்லியிருக்கிறா.

அடுத்த நாள் உம்மா திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வந்தா. ஒரு கிழமைக்குள் நான் டைப் பண்ணத் தொடங்கிவிட்டேன். அழிந்துபோன பின்னங்களை முதலிலிருந்து அடித்தேன்.

அந்த அளவோடு நின்றிருந்தால் இதை எழுத ஒன்றும் இருந்திருக்காது. டியூட் அடிக்கக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை.

அவன் துவக்குச் சண்டை கேம், துப்பாக்கியால் சுடுகிற கேம், விளையாடுகிறவன். எங்கள் கரையோரத்துப் பெடியன்கள் அதற்கு இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினார்கள், யாரும் பார்க்கலாம். அதில் இருபது பேரின் தரவரிசைப் பட்டியல் இருக்கும். ஒருவருக்கு ஒருவர் மோதுவது, முதலில் பத்துத் தரம் சுட்டு வீழ்த்துகிறவர் வென்றவர். தனக்கு மேலே இரண்டு இடத்துக்குள் இருக்கிற யாரையும் நீங்கள் சவாலுக்குக் கூப்பிடலாம், வென்றால் அவருடைய இடம் உங்களுக்கு. மூன்றுதரம் வராவிட்டால் அவர் இறங்க வேண்டும். அவன் அதில் இரண்டாமவன். மூன்று வருடம் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசாத சாப்பாடு இல்லை.

ஒரு நாள் மத்தியானம் டைப் பண்ணிக் களைத்துப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவன் ஒரு படம் போட்டிருந்தான். கண்ணாடிப் பக்கம் வைத்த புதுக் கேசிங், உள்ளே நீலமும் சிவப்புமாக வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு நடுவே என் கார்ட். கீழே எழுதியிருந்தான்: "புதுப் பெட்டி, புது வாழ்வு." முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

நான் எழும்பிப்போய் முகம் கழுவினேன். வந்து மறுபடியும் பார்த்தேன். அவனுக்கு உயிருக்கு அடுத்தபடி இருப்பது அந்தப் பட்டியலில் உள்ள பெயர் என்று எனக்குத் தெரியும். அதில் அவனை நான் விழுத்த வேண்டும். வேறு எதிலும் என்னால் அவனைத் தொட முடியாது. காதியார் முன்னால் அவன் சொன்னதெல்லாம் எழுதப்பட்டாயிற்று, என் டியூட் அழிந்தாயிற்று. இது ஒன்றுதான் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கேமைத் தரவிறக்கிப் போட்டேன். கார்ட் இல்லாமல் அது ஓடியது, ஆனால் நொண்டி நொண்டி ஓடியது. எல்லாவற்றையும் ஆகக் குறைத்து வைத்தாலும் படம் விட்டுவிட்டு வரும். எதிரி என் கண்ணுக்குத் தெரிகிற நேரம் அவன் என்னைச் சுட்டு முடித்து வேறு இடம் போயிருப்பான். முதல் நாள் முப்பத்தொரு தரம் செத்தேன். ஒருவனைக்கூட நான் சுடவில்லை.

கார்ட் வேண்டும். பாண்டிருப்பு அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, உங்கட பவர் சப்ளை சின்னன்" என்றார். "தனி வயர் கேக்கிற கார்ட் போட்டீங்க எண்டா பெட்டி நிண்டுரும். போர்டுல இருந்தே கரண்ட் எடுக்கிற சின்னக் கார்ட் ஒண்டு கிடக்கு. மூடின நெட் கஃபே ஒண்டில ஓடினது. ஃபேன் கத்தும்."

"ஓடுமா?"

"ஓடும். கத்திக் கத்தி ஓடும்."

விலையைச் சொன்னார். என்னிடம் பாதிகூட இல்லை.

அப்போதுதான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்து விளையாடுவதற்கு வாங்கிய கதிரை. கறுப்பும் சிவப்பும், கழுத்துக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று. ஓட்டோவில் இடம் போதாமல், அடுத்த முறை வந்து எடுப்பதாக விட்டுப்போயிருந்தான். மூன்று வருடம் அந்தக் கதிரைக்குப் பின்னால் நின்று நான் தேத்தண்ணி நீட்டியிருக்கிறேன். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

உம்மாவிடம் சொன்னேன். சந்தியில் இருக்கும் சலூன்காரர் வந்து பார்த்துவிட்டு, காத்திருக்கிறவர்களுக்குப் போட நல்லது என்று கையோடு தூக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் மரக்கறிப் பையில் கார்ட் வந்தது.

பத்து நாள் கழித்து அவனுடைய நானா வந்தார். நான் உள் அறையில் இருந்தேன். உம்மா முன்விறாந்தையில் நின்று பேசினா.

"மாமி, தம்பிட கதிர ஒண்டு இரிக்காம். ஏத்திட்டுப் போகலாம் எண்டு வந்தன்."

"ஓம் மருமகன், இரிந்த. மகள்ற காப்பு வித்து வாங்கின கார்ட் ஒண்டும் இரிந்த. அவள் ரெண்டு வருசம் அடிச்ச டியூட்டும் இரிந்த. அதெல்லாத்தையும் ஓட்டோல ஏத்திட்டு வாங்க. கதிரய நான் தலைல தூக்கிக் கொண்டு வந்து தாறன்."

ஓட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

கார்ட் அண்ணன் சொன்ன மாதிரியே கத்தியது. இரண்டாவது கிழமை அந்த மின்விசிறியின் ஒரு இறக்கை உடைந்து, கம்பியூட்டர் சூடேறித் தானாக நின்றது. பழைய கேசிங் ஒன்றிலிருந்து பெரிய மின்விசிறி ஒன்றை அண்ணன் சும்மாவே கொடுத்தனுப்பினார். உடைந்ததைக் கழற்றிவிட்டு, புதியதைக் கார்டின் மேல் வைத்துப் பிளாஸ்டிக் பட்டிகளால் இறுக்கிக் கட்டினேன். கேசிங்கை இனி மூட முடியாது. ப்ரொசஸருக்கு மேலே காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டி, புதுப்பசை பூசினேன். பெட்டி பார்க்க அறுத்துப்போட்ட மாடுமாதிரி இருந்தது. படம் தண்ணீர்போல ஓடியது.

தினமும் காலையில் பத்து மணிக்கு உம்மா சந்தைக்குப் போனதும் தொடங்குவேன். பன்னிரண்டு மணிக்குச் சோறு வைக்க எழும்புவேன். முதலில் மவுஸ் பழகவேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு படியும் மனதில் பதிய வேண்டியிருந்தது. என் மணிக்கட்டு வீங்கியது. உம்மா எண்ணெய் தடவிவிட்டு, "இந்த டியூட் உன்னக் கொண்டுரும் புள்ள" என்றா. நான் ஓம் என்றேன்.

அவனைப் படிப்பது அதைவிட எளிதாக இருந்தது. தான் வென்ற ஆட்டங்களை எல்லாம் வீடியோவாகப் போட்டு வைத்திருந்தான். பார்க்கப் பார்க்க, எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் திரும்ப வந்தது. தேத்தண்ணியோடு பின்னால் நின்ற மூன்று வருடத்தில் அவனுடைய தோள் எப்போது விறைக்கும், எப்போது நாக்கைக் கடிப்பான் என்பதெல்லாம் எனக்குப் பாடம். ஒருவனை வீழ்த்தியதும், சுடும் ரவை நிறைய மிச்சம் இருந்தாலும், ரவைக்கூட்டை மாற்றாமல் இருக்கமாட்டான். அந்த இரண்டு வினாடி அவன் கையில் துவக்கு இல்லாத மாதிரி. இரண்டு புள்ளி பின்னுக்குப் போனால் ஆத்திரத்தில் நடுவழியாலேயே ஓடி வருவான். முன்னுக்கு நின்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிவான். சண்டை பிடித்தபோது என்னிடமும் அப்படித்தான். ஒன்றில் பாய்வான், இல்லாவிட்டால் ஒளிவான்.

இத்தா முடிந்த கிழமை நான் பட்டியலில் சேர்ந்தேன். 'உப்பு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். மைக் இல்லை என்று சொல்லிவிட்டேன். அடியிலிருந்து ஏற ஐந்து மாதம் பிடித்தது. அக்கரைப்பற்றுப் பெடியன் ஒருவனிடம் நான்கு தரம் தோற்றேன். ஐந்தாவது தரம்தான் விழுத்தினேன். நான்காம் இடத்துக்கு வந்த அன்று யாரோ எழுதினார்கள், "யார்டா இந்த உப்பு? கதைக்கவே மாட்டான்." அவன் கீழே எழுதினான்: "வரட்டும், கரைச்சி விடுறன்."

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்கு ஆட்டம். உம்மா ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தா. பதினெட்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். அவனுடைய குரல் ஸ்பீக்கரில் வந்தது. பிரிந்த பிறகு முதல் தரம் கேட்கிறேன். நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு ஆட்டம் தொடங்கியது.

முதல் புள்ளி அவனுக்கு. விழுந்து திரும்ப எழும்பியதும் நான் ஓட வேண்டிய வழி எனக்குத் தெரியும். அவன் ரவைக்கூட்டை மாற்றும் அந்த இரண்டு வினாடிக்குள் மூலையில் வந்து நின்றேன். சுட்டேன். அடுத்தது, அவன் எழும்பி வரும் வழியில் நின்று. மூன்றாவதும். அவன் சிரிப்பு நின்றது. மூன்றுக்கு ஒன்று ஆனபோது, நான் காத்திருந்த மாதிரியே நடுவழியால் ஓடி வந்தான். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் ஓடி வர, நான் சுட, திரும்ப ஓடி வர, திரும்பச் சுட. "மச்சான், நில்லு, நடுவால போகாத" என்று ஒருவன் சொல்வது கேட்டது. அவன் யார் சொல்லியும் கேட்கிறவன் இல்லை. பத்துக்கு நாலு.

"இது சரியில்ல" என்றான். "இன்னொண்டு அடிப்பம்."

அடித்தோம். பத்துக்கு மூன்று.

பிறகு கத்தத் தொடங்கினான். "இவன் ஹெக் போடுறான்டா! சுவருக்கால பாக்கிறான். நான் எங்க வாறன் எண்டு இவனுக்கு எப்படித் தெரியும்? இவன்ட பேரை வெட்டுங்க!" நடத்துகிற பெடியன் என்னிடம் எழுத்தில் கேட்டான், உங்கள் திரையை எல்லாருக்கும் காட்ட முடியுமா என்று.

நான் திட்டமிட்டது வென்றுவிட்டுப் பேசாமல் போவதற்குத்தான். யாரென்று தெரியாத ஒருவனிடம் தோற்ற வலியே அவனுக்குப் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் ஐந்து மாதத்தைக் களவு என்று அவன் சொன்னதும் பொறுக்கவில்லை. மைக் உள்ள போன் இயர்போனைப் பெட்டியில் கொழுவினேன். மைக்கைத் திறந்தேன்.

"ஹெக் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே அமைதியாகக் கேட்டது. "நீங்க ஒவ்வொரு ஆளச் சுட்டதும் ரவைக்கூடு மாத்துவீங்க. தேவையில்லாம மாத்துவீங்க. அந்த நேரம் பாத்து நான் வாறன். ரெண்டு தோத்தா நடுவால ஓடி வருவீங்க. மூணு வருசம் தேத்தண்ணி ஊத்தித் தந்துட்டு உங்களுக்குப் பின்னால நிண்டு பாத்திரிக்கன்."

எங்கோ ஒருவருடைய வீட்டில் சேவல் கூவுவது மைக்கில் கேட்டது. அவன் என் பெயரைச் சொன்னான். கேள்வி கேட்கிற மாதிரிச் சொன்னான். நான் ஓம் என்றேன். அடுத்த நிமிடம் அவன் இல்லை, வெளியேறிவிட்டான். யாரோ ஒருவன் அடக்க முடியாமல் வெடித்துச் சிரிக்க, பிறகு எல்லாருமே சிரித்தார்கள். நான் மைக்கை மூடினேன்.

அன்று உம்மா கலியாண வீட்டிலிருந்து கொண்டு வந்த சோற்றில் நான் இரண்டு கோப்பை தின்றேன். மாதக்கணக்கில் எனக்கு அப்படிப் பசித்ததில்லை. நடந்ததை அப்போதுதான் உம்மாவிடம் முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அது டியூட் இல்லையா?" என்றா. பிறகு, "கதிரைல இரிந்தா விளையாடினான்?" என்று கேட்டா. தெரியாது என்றேன். உம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தா.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நானா மறுபடியும் வந்தார். இந்தமுறை ஓட்டோவிலிருந்து இறங்காமலே பேசினார்.

"மாமி, ஆம்பிளைகள்ற குரூப்புக்குள்ள பொம்பிளைக்கு என்ன வேல? ஊரெல்லாம் கதைக்குது. பள்ளில மரைக்கார்மாரிட்டச் சொல்லவா?"

"சொல்லுங்க" என்றா உம்மா. "நானும் வாறன். டியூட் அழிச்ச கதையும் சொல்லுவம். உங்கட தம்பி பத்துக்கு நாலு, பத்துக்கு மூணு தோத்ததையும் எழுதச் சொல்லுவம்."

உம்மாவுக்கு எண்ணிக்கை சரியாக நினைவிருந்தது. அவர் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் போகவும் இல்லை, எங்கள் வீட்டுக்குத் திரும்ப வரவும் இல்லை.

எனக்குக் கெட்ட பெயரும் வந்தது. ஒரு மாஸ்டர் டியூட் கொடுப்பதை நிறுத்தினார்; தன் மனைவி விரும்பவில்லை என்றார். எங்கள் தெருவில் ஒரு பெண் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் பார்ப்பா. இத்தா இருக்கும்போது என் கையைப் பிடித்துப் பொறுமை சொன்ன அதே பெண். அது நோகும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைத் திருப்பித் தந்துவிடு, இதெல்லாம் இல்லாமல் பண்ணிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், தர மாட்டேன்.

கோபம் ஆறிவிட்டதா என்று என் மாமி மகள் கேட்டாள். ஆறவில்லை. பத்துக்கு நாலில் வென்றாலும் பின்னங்கள் திரும்ப வராது. கணக்கு டியூட்டில் இன்னும் பாதி அடிக்கக் கிடக்கிறது. அடிக்கும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது. அவனை விழுத்திய அந்த அரை மணி நேரம் மட்டும் உள்ளே ஒன்றும் எரியவில்லை. அவ்வளவுதான் கிடைத்தது.

அவன் அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரில் பட்டியலின் அடியில் சேர்ந்திருக்கிறான். யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறான். நடத்துகிற பெடியன்தான் எனக்குச் சொன்னான். "ராத்தா, ஆள் திரும்ப வந்திரிக்கார்" என்று அக்கா முறை வைத்து எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கூப்பிட விதியில் தடை இல்லையாம், இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

ஒவ்வொரு வெள்ளியும் மூன்று மணிக்கு அந்தப் புதுப்பெயருக்கு நான் ஒரு சவால் அனுப்புகிறேன். பதில் வருவதில்லை. போன வெள்ளி அனுப்பியதை வாசித்துவிட்டான் என்று மட்டும் காட்டியது. இந்த வெள்ளியும் அனுப்புவேன்.